மணி அடித்தால் ஆட்டம் நிற்கும்

பெங்களூர் பிரேசர் டவுனில் நான் படித்த பள்ளியில் தமிழ் வாத்தியார்தான் ஹாக்கிக்கும் வாத்தியார். ஒல்லியான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செய்யுள் சொல்லும் அதே கணீர்க் குரலில் மைதானத்திலும் திட்டுவார். ஞாயிறுதோறும் அவர் போகும் பக்கத்துச் சர்ச்சில் துக்க மணி அடித்தால் மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். இறந்துபோனவருக்காக எல்லோரும் மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

"செத்தது யாருன்னே தெரியலையே சார்?" என்று ஒருமுறை கேட்டேன். அப்போது நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

"யாரா இருந்தா என்னடா? நில்லு. பந்து எங்கயும் ஓடிடாது."

ஒரு சாயங்காலம் அவர் வரத் தாமதமாயிற்று. நாங்களே ஆட ஆரம்பித்துவிட்டோம். நடுவில் மணி அடித்தது. வழக்கம்போல நின்றுவிட்டு மறுபடியும் ஆடினோம். உடனே நான் ஒரு கோல் போட்டேன். "சே, சார் பாக்கலையேடா!" என்றான் கூட ஆடியவன்.

அப்போதுதான் பியூன் அழுதுகொண்டே வந்தார். "சார் போயிட்டாருப்பா. மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவரு எழுந்திருக்கவே இல்ல. மணி கேக்கலியா?"

அடுத்த மாதம் புது வாத்தியார் வந்தார். மணி அடித்ததும் மட்டையை வைத்துவிட்டு நின்றோம்.

"என்னடா வேடிக்கை? ஆடுங்க!" என்று விசில் ஊதினார்.

ஆடினோம்.