ஆவி என்று சொல்லிக் கெட்டேன்

எண்பதுகளின் கடைசியில், கிழமை முழுக்கப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துவிட்டு, ஞாயிறுகளில் மேற்கு லண்டனில் இருந்த ஒரு பழைய நீரேற்று நிலையத்துக்குப் போவேன். அங்கே கிழட்டு நீராவி இயந்திரங்களை ஓடவிட்டுச் சனங்களுக்குக் காட்டுவார்கள். நான் சம்பளமில்லாமல் பித்தளை துடைப்பவன். இயந்திரங்கள் மேல் பாசம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் என் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அங்கே கொதிகலன் வேலை செய்தது.

அந்த நாளில் வெம்பிளிக் கடையொன்றில் வேலை செய்த ஒருத்தியைக் கட்ட ஆசைப்பட்டிருந்தேன். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் அவள் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், நான் யாழ்ப்பாணத்துத் திருநீற்றுக்காரன். அவள் தகப்பன் இல்லாத பிள்ளை. "அம்மா ஓம் எண்டால்தான் ஓம்" என்று முன்னமே சொல்லிவிட்டாள். அம்மாவோ, "பெடியன் என்ன செய்யிறவர் எண்டு நான் பாக்க வேணும்" என்றார். பெட்ரோல் நிலையத்தைக் காட்ட எனக்கு வெட்கம். அதனால் நீரேற்று நிலையத்துக்கு வரச் சொன்னேன்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, சேலைக்கு மேல் கோட்டும், கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வையுமாக மகளுடன் வந்தார். நான் நேரே காற்றழுத்தும் பம்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள், நடுவில் ஒரே தண்டு. ஒருகாலத்தில் ரயில் எஞ்சினில் பிரேக்குக்குக் காற்று அடித்துக் கொடுத்தது.

"மேல் உருளைக்குள்ள ஆவி வரும், அன்ரி. வந்து பிடிச்சுத் தள்ளும்."

அவருடைய கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. "என்ன ஆவி?"

"நல்ல சூடான ஆவி, அன்ரி."

"தம்பி, எங்களுக்கு ஒரு ஆவிதான், பரிசுத்த ஆவி. அதோட பகிடி விடாதேங்கோ."

"ஐயோ அம்மா, கேத்தில் கொதிக்கேக்க வாற ஆவி!" என்றாள் மகள்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

அவசர அவசரமாக மிச்சத்தைச் சொன்னேன். ஆவி தள்ள, பிஸ்டன் கீழே போகும். அதே தண்டின் மறுநுனியில் இன்னொரு பிஸ்டன். அது கீழ் உருளைக்குள் இருக்கும் காற்றை நெரித்து, அதைச் சேர்த்துவைக்கும் தாங்கிக்குள் அனுப்பும். பிஸ்டன் அடியைத் தொட்டதும் பம்பின் தலையிலுள்ள ஒரு சின்ன வால்வு இடம் மாறும். ஆவி இப்போது மேல் உருளையின் கீழ்ப்பக்கத்தால் நுழைந்து பிஸ்டனை மேலே தள்ளும். சக்கரமில்லை, மோட்டார் இல்லை, மாறி மாறித் தள்ளுவதுதான் வேலை.

ஓடவிடுமுன், குளிர்ந்த உருளைக்குள் தண்ணீராகிவிட்ட ஆவியை ஒரு சின்னக் குழாய் வழியே வடித்துவிட வேண்டும். வடித்தேன். குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைத்தான் கவனிக்கவில்லை. எண்ணெய் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீர் என் காற்சட்டையில், பார்ப்பவர்கள் வேறுவிதமாக விளங்கிக்கொள்ளும் இடத்தில், பீய்ச்சி அடித்தது.

பம்போ எனக்கென்ன என்று ஓடத் தொடங்கியது. தட்... புஸ். தட்... புஸ். தாங்கி நிரம்ப நிரம்பத் தாமதித்து, பிறகு அப்படியே நின்றது.

"பழுதாப் போச்சோ?"

"இல்லை அன்ரி. ஆவி தள்ளுற அளவுக்குக் காத்தும் திருப்பித் தள்ளுது. இரண்டும் சமம். கொஞ்சக் காத்தை வெளியில விட்டால் திரும்ப ஓடும்." சந்தர்ப்பத்தை விடுவேனா? "நாங்கள் இரண்டு பேரும் அப்பிடித்தான் இருப்பம். பிள்ளையாரும் மாதாவும் சமம்."

"இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நிண்டால் வீட்டில ஆர் சோறு காய்ச்சிறது?"

"நான், அன்ரி."

"இவரோ? முட்டை அவிக்கவே தெரியாது, அம்மா!" என்று என்னை மணக்க விரும்பியவளே காட்டிக்கொடுத்தாள்.

தாய் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே இருந்த குளிரைப் பார்த்தார். தன் சால்வையைக் கழற்றி நீட்டினார்.

"இதை இடுப்பில கட்டும். இந்த ஈரத்தோட வெளிய போனால் விறைச்சுப்போவீர்."

அதுவரை நான் அவருக்கு 'வாங்கோ, இருங்கோ', இப்போது 'கட்டும்'. வீட்டுப் பிள்ளைகளிடம்தான் 'வாரும், இரும்' என்பார்கள். மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"தாங்ஸ், அன்ரி."

"என்ன அன்ரி? மாமி எண்டு சொல்லும்."

வாய் ஓயாத நான் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மருமகன் சொல்லும் அந்த ஒரு சொல்லை மூன்று தரம் சொன்னேன்.