பாம்பன் தீவில் இரண்டு பகல், பேசாத நண்பனோடு

மதுரையில் "ராமேஸ்வரம் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். "யாருக்குத் திதி?" என்றுதான் முதல் கேள்வி வரும். கடலில் குளித்துவிட்டு மரத்தடியில் படுத்துத் தூங்கப் போகிறோம் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம் ஊரிலிருந்து நூற்று எழுபது கிலோமீட்டரில் ஒரு தீவு இருக்கிறது, அதைச் சுற்றிலும் கடற்கரை இருக்கிறது. நாமோ கோயிலுக்குப் போய், தீர்த்தமாடி, ஈரத்துணியோடு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறோம். அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் டிக்கெட் விலை பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கடந்த பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு, நண்பர்கள் மூன்று பேர் போய் வந்தோம்.

மூவரையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒத்தக்கடையில் இருக்கிறேன், ஒரு தனியார் கல்லூரியில் அலுவலக வேலை. ரெங்கராஜ் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் எங்களையும் அதிலேயே திட்டுவான். அர்த்தம் தெரியாததால் நட்பு நீடிக்கிறது. சிக்கந்தருக்கு டவுனுக்குள் ரெடிமேட் துணிக்கடை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மூவரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம்.

பயணத்துக்குக் காரணம் சிக்கந்தர்தான். போன செப்டம்பரில் அவன் தொண்டையில், குரல்நாணில், ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை. ஒரு மாதம் வாயைத் திறக்காதே, அப்புறம் மெதுவாகப் பேசு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் முடிந்து கடைக்குப் போன முதல் நாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்திருக்கிறார். இவன் "ஹலோ" என்றதும், "பெரியவரே, கடைக்காரர் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சை நிறுத்தியவன்தான். கடைவாசலில் நின்று "வாங்கக்கா வாங்க" என்று தெரு முனை வரைக்கும் கேட்கக் கூப்பிட்ட ஆள், எல்லாவற்றையும் போனில் பெரிய எழுத்தில் டைப் செய்து காட்ட ஆரம்பித்தான்.

அவன் மகள் சுமையா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கும் மெசேஜ் மட்டும்தான். ஏன்டா என்று கேட்டதற்கு ஒரு நாள் என்னிடம் டைப் செய்து காட்டினான்: "அவளும் யாருங்கன்னு கேட்டுட்டா?" இரண்டு நாள் ஊரை விட்டுக் கிளப்பிக்கொண்டு போனால் பேசிவிடுவான் என்று நானும் ரெங்கராஜும் கணக்குப் போட்டோம்.

சனிக்கிழமை காலை 5.10க்கு ஒத்தக்கடையில் காரை எடுத்தேன். 5.35க்குத் தெப்பக்குளத்தருகே இருவரும் ஏறினார்கள். ரெங்கராஜின் கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருந்தது. "வீட்ல தீர்த்தம் கேட்டிருக்கா மாப்ள. கோயிலுக்கே போகலன்னு சொன்னா, அப்ப எதுக்குடா ராமேஸ்வரம்னு அடுத்த கேள்வி வரும்" என்றான். ரிங் ரோட்டைப் பிடித்து, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி வழியாக நேரான சாலை. டோல் இரண்டு. 7.45க்கு ராமநாதபுரத்தில் இட்லி, வடை, காபி. மூன்று பேருக்கு 240 ரூபாய். சாம்பார் சுமார், காபி அதைவிடச் சுமார். காபிப் பிரியர்கள் வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாம்பன் பாலத்தில் ஏறும்போது 8.50. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, போலீஸ் விரட்டுகிறார்கள். விரட்டுவதற்குள் எல்லோரும் படம் எடுத்துவிடுகிறார்கள். நாங்களும் எடுத்தோம். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டின் மாடியில் அறை, மூன்று கட்டில், ஏசி, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். ராமேஸ்வரம் டவுனுக்குள் தங்காதீர்கள், சனிக்கிழமையில் கூட்டம் தாங்காது.

முதல் நாள் நாங்கள் செய்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் ஒன்றுமே செய்யவில்லை. அறையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கடற்கரை. சவுக்கு மரங்கள், ஏழெட்டுப் படகுகள், எங்களைத் தவிர ஆளே இல்லை. நான் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதந்தேன். ரெங்கராஜுக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து, தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் இப்படி ஒரு சுகத்தை அனுபவித்ததே இல்லை என்று என் பக்கம் கத்திக்கொண்டிருந்தான். சிக்கந்தர் ஈர மணலில் படுத்து வானத்தைப் பார்த்தான். மதியம் மீன் சாப்பாடு, ஆளுக்கு 180 ரூபாய், நகரை மீன் வறுவல் தனியாக 120. சாப்பிட்டு வந்து மரத்தடியில் மூன்று மணி நேரம் தூங்கினோம். நாற்பத்தாறு வயதில் பகலில் மூன்று மணி நேரம் தூங்குவது எப்பேர்ப்பட்ட சொத்து என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

ஆனால் சிக்கந்தர் பேசவில்லை. சாயங்காலம் ரெங்கராஜ் பொறுமை இழந்து, "இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தும் ஊமையாவே இருக்கியேடா" என்று சொல்லிவிட்டான். சிக்கந்தர் எழுந்து தண்ணீரோரமாக நடந்து போய்விட்டான். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ரெங்கராஜ் கேட்டது எனக்கும் மனசுக்குள் இருந்ததுதான், அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு தனுஷ்கோடி கிளம்பினோம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு பக்கம் அமைதியான கடல், இன்னொரு பக்கம் ஆர்ப்பாட்டமான கடல். ஒன்றைப் பெண்கடல், மற்றதை ஆண்கடல் என்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் அமைதியும் ஆர்ப்பாட்டமும் இடம் மாறுமாம், குளிக்கும் முன் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் வலதுபுறம் ஒரு மண்தடம் கடலை நோக்கிப் போனது. தூரத்தில் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கேதான் நான் மதுரைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்தேன்.

எங்களுக்கு மணல் என்றால் வைகை மணல்தான். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாத ஆறு. அதில் கார் நிறுத்தியிருக்கிறோம், கிரிக்கெட் ஆடியிருக்கிறோம், நான் கார் ஓட்டப் பழகியதே அந்தப் படுகையில்தான். அந்தத் தைரியத்தில் தடம் முடிந்த பிறகும் காரை மணலில் விட்டேன். பின்சீட்டிலிருந்து சிக்கந்தர் என் தோளைத் தட்டித் தட்டி, போனை முகத்துக்கு நேரே நீட்டினான்.

"வண்டி ஓட்டும்போது போனைக் காட்டாத மாப்ள, அப்புறம் படிக்கிறேன்" என்றேன்.

முப்பது அடி போனதும் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்தன. இறங்கிய பிறகுதான் படித்தேன். "மணல் பொதபொதன்னு இருக்கு. போகாத" என்று எழுதியிருந்தான். ரெங்கராஜ் சௌராஷ்டிரத்தில் நீளமாக ஏதோ சொன்னான். இந்த முறை அர்த்தம் புரிந்தது.

தூரத்தில் நின்றவர்கள் கரைவலை இழுக்கிறவர்கள். வலையின் ஒரு நுனிக் கயிறு கரையில் இருக்க, படகு கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை விட்டுவிட்டு வரும். பிறகு கரையில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள். படகு இன்னும் திரும்பவில்லை என்பதால் ஒன்பது பேர் சும்மா இருந்தார்கள். அவர்களில் மேரியக்கா என்ற பெண், ஐம்பது வயது இருக்கும், காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"மதுரையா?" என்றார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"மதுரை வண்டிதான் இப்புடி நேரா கடலுக்கு வரும்."

பின்பக்கக் கொக்கியில் வடக்கயிற்றைக் கட்டினார்கள். நான் ஸ்டியரிங்கில். ரெங்கராஜ் பானெட்டில் கை வைத்துத் தள்ள, சிக்கந்தரும் அவர்களும் பின்னாலிருந்து இழுத்தார்கள். கார் அசையவில்லை. இரண்டாவது முறை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்ததில் ஒருவர் மல்லாந்து விழுந்தார். சத்தம் கொடுக்க ஆள் வேண்டும், எப்போதும் பாட்டெடுத்துக் கொடுக்கிறவர் படகில் இருக்கிறார் என்றார் மேரியக்கா. கயிற்றில் முதல் ஆளாக நின்ற சிக்கந்தரைப் பார்த்து, "அண்ணே, நீங்கதானே முன்னாடி நிக்கிறீக, நீங்க சத்தங் குடுங்க" என்றார்.

அவன் தலையாட்டித் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். ரெங்கராஜ் அவசரமாக, "அவனுக்கு ஆபரேஷன்க்கா, குரல் மாறிப்போச்சு, பேச மாட்டான்" என்றான்.

"சத்தம் எப்படி இருந்தா என்ன? கயித்துக்குத் தெரியப்போவுதா?" என்றார் அந்த அம்மா. கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்கந்தர் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவன் வாயிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே பாட்டு வந்தது.

"வாங்கக்கா... வாங்க! பாருங்கக்கா... பாருங்க! எடுங்கக்கா... எடுங்க!"

அது பழைய குரல் இல்லை. சிமெண்ட் தரையில் மூட்டையை இழுத்த மாதிரி கரகரவென்று இருந்தது, நடுவில் இரண்டு இடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனால் பலமாக இருந்தது. மேரியக்கா சிரித்துக்கொண்டே "எடுங்கக்கா எடுங்க" என்று எதிர்ச்சத்தம் கொடுத்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது "எடுங்க"வில் கார் பின்னால் நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெங்கராஜ் மணலில் உட்கார்ந்து வெளிப்படையாகவே அழுதான்.

பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. "வலை வருது, நீங்களும் வந்து இழுங்க, சரியாப் போயிரும்" என்றார்கள். ஓய்வெடுக்கப் போன நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் வலை இழுத்தோம். பாட்டுக்காரர் படகிலிருந்து இறங்கிய பிறகும் அவர்கள் சிக்கந்தரை விடவில்லை, இருவரும் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். இதைப் படிக்கும் டாக்டர்கள் கோபப்படவேண்டாம். கத்தக் கூடாதுதான், ஊருக்கு வந்ததும் அவனுடைய டாக்டரிடம் போய் முறையாகத் திட்டு வாங்கிக்கொண்டோம். குரல்நாண் நன்றாக ஆறியிருக்கிறது, பேசாமல் இருந்ததுதான் தப்பு என்றும் அவர் சொன்னார்.

தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரைக்கும் போய்விட்டு, மதியம் 2.40க்குத் தீவை விட்டுக் கிளம்பினோம். காரில் ஒரு பை காரல் மீன், மேரியக்கா கொடுத்தது. இதற்கு மேல் எழுதினால் விலைவாசி எழுத மனம் வராது, அதனால் போகிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் ஓடியது 418 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 2,900 ரூபாய். தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,600க்குள் முடிந்தது. கார் இல்லாதவர்களுக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் இருக்கிறது, மதுரை ஸ்டேஷனிலிருந்து ரயிலும் இருக்கிறது, நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. முனையில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நிழல் கிடையாது, குடை கட்டாயம். தார்ச்சாலையை விட்டு ஒரு அடியும் காரை இறக்காதீர்கள். தீர்த்தம் கேட்டிருந்தால் மறக்காமல் வாங்குங்கள். ரெங்கராஜ் கேனை அறையிலேயே விட்டுவிட்டு வந்து வீட்டில் பட்ட பாடு தனிக் கதை.

5.15க்குப் பரமக்குடி தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். வழி நெடுக சிக்கந்தர் பேசிக்கொண்டுதான் வந்தான், கொஞ்சம் பேசுவான், தண்ணீர் குடிப்பான், மறுபடி பேசுவான். டீ வந்ததும் என்னிடம் கை நீட்டி, "ஒன் போனைக் குடு" என்றான்.

"ஒன் போன் என்னாச்சு?"

"என் போன்ல கூப்பிட்டா பேரு வந்துரும். அவகிட்ட ஒன் நம்பர் இல்ல. யாருன்னு தெரியாம எடுக்கட்டும்."

வேண்டாம் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டான். நான்கு முறை மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?" என்றாள் சுமையா.

நான்கு மாதமாக அவன் பயந்த அதே கேள்வி. சிக்கந்தர் கண்ணை மூடிக்கொண்டான். ரெங்கராஜ் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"சுமையா" என்றான், அந்தக் கரகரத்த குரலில். அது மட்டும்தான்.

லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அத்தா... இன்னொருக்கா கூப்பிடுங்க."

கூப்பிட்டான். பரமக்குடியில் பத்து நிமிடம் நிற்பதாகத் திட்டம். நாற்பத்தைந்து நிமிடம் நின்றோம்.