கிரேக்கர்கள் என் பங்கு

செவ்வாயும் வெள்ளியும் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறுவோம். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அங்கே ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில் ஊசி குத்தியிருக்கும், அசைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் குறுக்கெழுத்துப் பக்கத்தை அட்டையில் செருகி நான் பிடித்துக்கொள்வேன். அவள் வலது கையால் எழுதுவாள்.

அந்தக் குறுக்கெழுத்தைத் தயாரித்தவர் யாரோ ஒரு இதிகாசப் பைத்தியம். பாதிக் குறிப்புகளில் நம் வீரர்கள், மீதியில் கிரேக்க வீரர்கள். நம்மவர்கள் அவள் பங்கு, கிரேக்கர்கள் என் பங்கு. அவள் யோசிக்காமல் எழுதிக்கொண்டே போவாள். நான் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, ஏதோ படித்துக் கிழித்தவன் மாதிரி சொல்வேன்.

'குதிகாலில் அம்பு பட்டு இறந்த வீரன்' என்று ஒரு வாரம் வந்தது. உடம்பு முழுக்க அவனை எதுவும் துளைக்காது, குதிகால் மட்டும்தான் பாக்கி என்று கதையைச் சொன்னேன்.

"நம்ம கதையில தொடை, அவங்க கதையில குதிகாலு. எல்லாருக்கும் எங்கயாவது ஒரு எடத்த மிச்சம் வெச்சிடுறாங்க பாருங்க" என்று சிரித்தாள்.

எனக்கு நெஞ்சில் வைத்திருந்தார்கள். என் ரத்த வகை அவளுக்குப் பொருந்தியது. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, ஒரு சிறுநீரகத்தை நீங்கள் தரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. மகளின் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு சிமெண்ட் ஆலையில் ஆள் குறைவு, லீவு தரமாட்டார்கள் என்றேன். பிறகு ஆடி மாதம் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். எனக்குப் பயம். கத்தியை நினைத்தால் பயம், ஒன்றை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட முடியுமா என்று பயம். அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு குறிப்புகள் அடுத்தடுத்து வந்தன. 'எமனோடு வாதாடிக் கணவனை மீட்டவள்.' ஐந்து கட்டம். நான் வாசித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டாள். அடுத்தது, 'பாதாளம்வரை போய் மனைவியை அழைத்து வரும் வழியில், திரும்பிப் பார்த்ததால் அவளை இழந்த கிரேக்கன்.' அதற்கும் ஐந்து கட்டம்.

"இது உங்க ஆளு. பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

தேடினேன். பெயர் உடனே வந்துவிட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "நெட் கெடைக்கல" என்றேன்.

அவள் குறிப்பை இன்னொரு முறை படித்தாள். "பாவங்க, அவ்ளோ தூரம் போயிருக்கான்" என்று சொல்லிப் பேனாவை மூடினாள். குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே அவன்மேல் இரக்கம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் பஸ் ஏறவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிப்போட இன்னும் மனம் வரவில்லை. அதில் மேலே அந்தக் குறுக்கெழுத்துத் தாள் இருக்கிறது, ஐந்து கட்டம் காலியாக. பெயர் தெரிந்தும் எழுதக் கை வரவில்லை. அவனாவது பாதாளம்வரை போனான். அந்தத் தாளுக்கு அடியில் என் பரிசோதனை அறிக்கை. இரண்டு சிறுநீரகங்களும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கிறது.