மீன் சட்டியில் காய்ச்சிய எண்ணெய்

டைபாய்டு விட்ட அடுத்த மாதம் என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. சீப்பில் முடி, தலையணையில் முடி, அத்தை வைத்த ரசத்திலும் முடி. அத்தை என்றால் என் மாமியார். கணவர் மஸ்கட்டில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். "காய்ச்சலோட வேலை இது, உடம்பு தேறினா தானா நிக்கும்" என்றார் டாக்டர். அதுவரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? வகிடு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வந்தது.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அந்தக் காலத்துப் பக்குவம் ஒன்று சொன்னார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இலை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்ச வேண்டும். அளவு கேட்டால் "ஒரு கைப்பிடிதான்" என்றார். அவருடைய கைப்பிடியா என்னுடையதா? எவ்வளவு நேரம் என்றால் "சடசடப்பு அடங்குற வரைக்கும்." அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அடங்குகிறது, மறுபடி சடசடக்கிறது. முதல் தடவை கருகித் தொலைந்தது.

"இரும்புச் சட்டியில காய்ச்சுங்க, அப்பத்தான் சாரம் எறங்கும்" என்றும் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டின் ஒரே இரும்புச் சட்டி, ஜெகதாப்பட்டினத்து மீன் வந்தால் வறுக்கிற சட்டி. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலித்தது. இரண்டாவது தடவை எண்ணெய் கரும்பச்சையாக, பார்க்க அழகாக வந்தது. வாசனை மட்டும் வஞ்சிர வறுவல். பக்கத்து வீட்டுப் பூனை என் பின்னாலேயே சுற்றியது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது தலையில தடவவா, சோத்துல ஊத்தவா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனாலும் விடாமல் தடவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீப்பில் முடியே இல்லை. நெற்றியோரம் பூனைமுடி கிளம்பியிருந்தது. ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. வார வெள்ளிக்கெழமை மொட்டை போட்டுருவோம்."

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். வேண்டியிருக்கேன்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தையின் கூந்தல் இடுப்பைத் தாண்டும். அறுபது வயதிலும் பாதிதான் நரை. காலையில் கொண்டை போட்டு முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

"எண்ணெய்னாலதான் அத்தை நின்னுச்சு" என்றேன்.

"இருக்கட்டும்."

"தானா நிக்கும்னு டாக்டரும் சொன்னாருல்ல?"

"அதுவும் இருக்கட்டும்."

இந்த மூன்றில் எதனால் நின்றது என்று எனக்கே தெரியாது. இதில் அவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? மறுநாள் யோசித்துப் பார்த்து, "இன்னும் கொட்டத்தான் செய்யுது அத்தை" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்படின்னா தீ மிதிக்கிறதையும் சேத்து வேண்டிக்கிறேன்" என்றார். பதறிப்போய், இல்லை, நின்றுவிட்டது என்றேன்.

"நின்னுச்சா நிக்கலையா, ஏதாவது ஒண்ணச் சொல்லு ஆத்தா" என்று அலுத்துக்கொண்டார். இப்போது அவரையும் குழப்பிவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், முடி இறக்குபவர் முன்னால் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. குனிந்து அவர் காதோரம், "பூமுடி மட்டும் குடுங்க அத்தை, நுனியில கொஞ்சம் வெட்டினாப் போதும். கேவலம் என் முடிக்காக ஒங்க முடியப் போயி..." என்றேன்.

அத்தை திரும்பி முறைத்தார். "முடிக்கா வேண்டுனேன்? ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமக் கெடந்தியே, அன்னைக்கி வேண்டுனது. ஒன் உசுருக்கு. முடி கொட்டுறது நின்னாத்தான் ஒடம்பு முழுசாத் தேறுச்சுன்னு அர்த்தம். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அங்கிட்டுத் தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்."

முடி இறக்குபவர் சொம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார். கொண்டையிலிருந்து கழற்றி அத்தை என்னிடம் கொடுத்த ஹேர்பின்களை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.