பேனரின் பின்பக்கம்

எங்கள் ஆற்றில் சாம்பலைக் கொட்டும் கம்பெனிக்கு எதிராக ஒரு பேனர் அடிக்க இன்று திருவொற்றியூர் கடைக்குப் போனேன். தேர்தல் நேரம். கடைத் தரையெங்கும் இரண்டு கட்சி வேட்பாளர்களும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள்.

வாசகத்தைப் படித்த கடைக்காரர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்த அடிக்க முடியாதுக்கா."

"ஏன்?"

"இந்த ரெண்டு கட்சி பேனருக்கும் அந்தக் கம்பெனிதான் துட்டு குடுக்குது. உன்னுத அடிச்சா அப்பால என் பொழப்பு இன்னாவறது?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. படியிறங்கியபோது கூப்பிட்டார்.

"போன எலெக்‌ஷன் பேனரு கீதுக்கா. பின்னாடி வெள்ளையாத்தான் கீது, கையால எழுதிக்கோ. எந்தக் கட்சியோடது வோணும்?"

வாக்குச்சாவடியில் ஒவ்வொரு முறையும் நான் திணறும் அதே கேள்வி. பதில் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பேனர் இன்னும் கடையில்தான் கிடக்கிறது.