ஊசிக்குப் பத்தியம்

எனக்கு ஊசி என்றால் பயம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். குத்துகிற வலிக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். இரைப்பு வந்த நாளிலிருந்து கையிலும் இடுப்பிலும் ஊசி குத்தாத இடம் பாக்கியில்லை. என் பயம் வேறு. குத்தி முடித்த பிறகு, உள்ளே போனது என்ன செய்யுமோ என்கிற பயம். தெருநாய் துரத்தினால் கல்லையாவது எடுக்கலாம். உடம்புக்குள் போய்விட்டதை எதைக் கொண்டு துரத்துவது?

திண்டிவனத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான் இருக்கிறோம். எனக்கு அறுபத்தைந்து, அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவள் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் டைப் அடித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்குச் சர்க்கரை, எனக்கு இரைப்பு. நாங்கள் சண்டை போடாத நாள் இல்லை. ஒருத்திக்கு ஒன்று என்றால் இன்னொருத்திதான் சுடுதண்ணி வைத்துக் கொடுக்க வேண்டும், வேறு நாதி கிடையாது.

போன வருஷம் ஐப்பசி மழையில் எனக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. கஷாயம் குடித்தால் போய்விடும் என்று அலட்சியமாக இருந்தேன். அது நெஞ்சில் இறங்கிவிட்டது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தேன். மூச்சு விடுவதும் ஒரு வேலை, அதையும் பாடுபட்டுச் செய்ய வேண்டியிருக்கும் என்று அங்கே படுத்திருந்தபோதுதான் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காவையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த நெஞ்சு தாங்காதும்மா. அடுத்த மழைக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கங்க. வருஷா வருஷம் போடணும். போன வருஷம் போட்டோமேன்னு இருந்துடாதீங்க."

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். ஆடி போனது, ஆவணி போனது. ஊசிப் பேச்சை எடுத்தாலே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். காரணம் இருந்தது. கொரோனா சமயத்தில் எங்கள் தெருவில் ஒருத்தர் ஊசி போட்டுக்கொண்டு வந்து, அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். ஊசியால் போனாரா, முன்பே இருந்த நெஞ்சுவலியால் போனாரா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் தொந்தரவு. தெரியாத விஷயத்தைத் தெரு ஆளுக்கொரு விதமாகச் சொல்லும். நானும் அப்போது பயந்துகொண்டேதான் போட்டுக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் புரிவதில்லை.

புரட்டாசியில் அக்காதான் ஒரு வழி சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போட்டுக்கினு ரெண்டு பேரும் சாஞ்சிட்டா யார்டி பாக்கறது? நான் மொதல்ல போட்டுக்கறேன். ஒரு வாரம் பாரு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ போய்ப் போட்டுக்கோ."

"உன்ன வெச்சி சோதனை பண்ணச் சொல்றியா?"

"நான் வாழ்ந்து முடிச்சவடி" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. முதலில் போகிறவள் நானில்லை என்றதும் மனசு லேசானது என்பதுதான் உண்மை.

ஒரு காலை வேளையில் கிளினிக்கில் போட்டுக்கொண்டு வந்தாள். கை கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான் என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இருமியபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் பக்கத்தில் ஊசி என்றால் பத்தியம் உண்டு. எந்த டாக்டரும் சொல்வதில்லை, யாரும் டாக்டரைக் கேட்பதும் இல்லை. ஊசி சூடு, அதனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, தயிர் ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாயில் போடக்கூடாது. முக்கியமாக வயிற்றைக் காயப்போட வேண்டும். அக்கா இதிலெல்லாம் படு கறார். மத்தியானம் ஒரு கரண்டி ரசம் சோறு தின்றாள். ராத்திரிக்கு வெறும் சுடுதண்ணியோடு படுத்துவிட்டாள். "இட்லியாவது துன்னேன்" என்றேன். "ஊசி ஒடம்புல எறங்கற நேரம், சும்மா இரு" என்று அடக்கினாள். நானும் விட்டுவிட்டேன். இந்தப் பத்தியத்திலேயே வளர்ந்தவள்தானே நானும்.

மறுநாள் காலை வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அதை மட்டும் ஒருநாளும் மறக்கமாட்டாள். சாப்பாடு வேண்டாம் என்றாள்.

பத்து மணி வாக்கில் நான் பின்னால் துணி பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது. ஓடினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க நனைந்திருந்தது, வியர்வை. கை வெடவெடவென்று ஆடியது. "இன்னாக்கா, இன்னா பண்ணுது?" என்றேன். என்னைப் பார்த்து, "அம்மா, ஸ்கூலுக்கு நேரமாயிடுச்சி" என்றாள்.

 ஊசிதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். உள்ளே போனது வேலையைக் காட்டிவிட்டது, என் அக்கா போகப்போகிறாள், இந்த வீட்டில் இனிமேல் நான் மட்டும். தெருவுக்கு ஓடிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மளிகைக் கடைக்காரர் ஆட்டோவை மடக்கினார். "ஜல்தி, ஜல்தி" என்று டிரைவர் முதுகில் அடித்தேன், பாவம் அந்த மனுஷன். மடியில் கிடந்த அக்காவின் தலை கனத்தது. இழுத்துக்கொண்டிருந்த என் மூச்சைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாடி ஈரப் பொடவையோட வந்து நிக்கற, மானம் போவுது" என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"ஊசியாலதானே டாக்டர்?" என்றேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. வெறும் வயிற்றில் மாத்திரை, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "யாரும்மா பத்தியம் இருக்கச் சொன்னது?" என்று அந்த டாக்டர் கத்தினார். அக்கா காது கேட்காதவள் மாதிரி மின்விசிறியைப் பார்த்தாள்.

வீடு திரும்புவதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. குழாயடியில் இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள், "ஊசி போட்டுக்கினுதான் ஒங்க அக்கா சாஞ்சிட்டாங்களாமே, நீங்க போட்டுக்காதீங்க." பட்டினி கிடந்த கதையை எடுத்துச் சொன்னேன். "அப்படித்தான் டாக்டருங்க சொல்லுவாங்க" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களைக் குறை சொல்லி என்ன? ஒரு வாரம் முடிந்து என் முறை வந்தது. காரணம் முழுக்கத் தெரிந்த எனக்கே கால் எழும்பவில்லை. கண்ணை மூடினால் நனைந்த ஜாக்கெட்டும் அந்த "அம்மா"வும்தான். அமாவாசை போகட்டும் என்றேன். பிறகு, கால் வலி என்றேன். அக்கா நாள்தோறும் நச்சரித்தாள். "நான் துன்னாம கெடந்தது என் கொழுப்பு. நீ நல்லா துன்னுட்டு வாயேன்டி. பேஜாரு பண்ணாத." நான் வாய்க்கு வந்தபடி பதில் பேசிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் ஒருவர் விடாமல் காய்ச்சல். ஒருநாள் அந்த வீட்டுப் பெண் உறை மோர் கேட்டு வாசலுக்கு வந்தாள். கிண்ணத்தை நீட்டியவள், அப்படியே குனிந்து இருமினாள். நிறுத்த முடியாத இருமல். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் பிடிப்பது? விட்டபோது நெஞ்சுக்குள் லேசாக விசில் கேட்டது. நிஜமாகக் கேட்டதா, பயத்தில் கேட்டதா, எனக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஊசி கொல்லுமோ என்று பயந்துகொண்டே, கொல்லக்கூடியதை வாசலில் நிற்க வைத்திருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"கெளம்புக்கா" என்றேன். அவள் நான்கு இட்லியைத் தட்டில் வைத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

கிளினிக்கில் நர்ஸ் எப்போது குத்தினாள் என்றே தெரியவில்லை. அரைமணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அப்போதுதான் பயம் முழுசாக வந்தது. உள்ளங்கை வேர்த்தது. இது சும்மா வேர்ப்பதா, அன்றைக்கு அக்காவுக்கு வேர்த்த மாதிரியா? அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு சரியா வருதா?"

"வருது."

"நாக்கு கீக்கு தடிக்குதா?"

"இல்ல."

"நான் யாருன்னு தெரியுதாடி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியுது! அறுபது வருஷமா என் உயிர வாங்கற பிசாசு! கொஞ்சம் வாய மூடிக்கினு ஒக்கார மாட்டியா?" பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கோபப்படவில்லை. என் மணிக்கட்டையும் விடவில்லை. 

"கத்துடி" என்றாள். "நல்லா கத்து. நீ திட்டிக்கினே இருந்தா, ஒனக்கு மூச்சு ஓடுதுன்னு எனக்குத் தெரியுதில்ல."

அதற்கு மேல் எனக்குத் திட்ட ஒன்றும் தோன்றவில்லை.  ஆனாலும் அவள் கட்டியிருந்த புடவையை, அவள் வைக்கும் உப்பில்லாத குழம்பை, செத்துப்போன அவள் மாமியாரை என்று ஒவ்வொன்றாக இழுத்து, அந்த அரைமணி நேரம் முடியும்வரை நிறுத்தாமல் திட்டினேன்.