வாத்தியார் விற்ற மாத்திரை

குலு நகரில் மருந்து கம்பெனி விற்பனைக்காரனாக வருவதற்கு முன்பு ஓலன்யா பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிக்கூடத்தை அவன் விட்டாலும் பாடம் நடத்தும் பழக்கம் அவனை விடவில்லை. மருந்துக்கடை வாசலில் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். கொசு கடித்ததும் கிருமி எங்கே போகிறது, ஈரலில் என்ன செய்கிறது, தன் கம்பெனி மலேரியா மாத்திரை அதை எப்படி மடக்குகிறது என்று ஒன்றையும் விடமாட்டான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த அபெர் மட்டும் அவனிடம் ஒரு அட்டை மாத்திரைகூட வாங்கியதில்லை. "சரக்கு இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்பாள். அவனும் சளைக்காமல் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அவன் போன நேரத்தில் மழை கொட்டியது. சாக்கடை நிரம்பித் தண்ணீர் கடைக்குள் புகுந்தது. ஓலன்யா பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே போய், தரையில் கிடந்த பெட்டிகளைத் தூக்கி மேசைமேல் அடுக்கினான். ஒரு பெட்டியைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இது எங்க மாத்திரை!"

"ஆமா. நனையப்போகுது, மேல வை."

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"மொத்த வியாபாரக் கடையில. நல்லா ஓடுது."

"இத்தனை மாசமா உங்க வாசல்ல வந்து நிக்கிறேனே! என்கிட்ட விலையும் குறைச்சல்தானே?"

"குறைச்சல்தான், வாத்தியாரே. ஆனா உன்கிட்ட ஒரு பெட்டி வாங்கணும்னா கொசு பொறந்த கதையில இருந்து கேக்கணும். அதுக்குள்ள காய்ச்சல்காரங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க. மொத்தக் கடைக்காரன் பெட்டிய வைப்பான், போயிடுவான்."

அவன் முகம் சுண்டிப்போனது. மிச்சப் பெட்டிகளையும் அடுக்கிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் வேறொரு கடைக்காரரிடம், "ஐயா, நான் ரொம்பப் பேசுறேனா?" என்று கேட்டான். அவர் உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வந்து இவர் கேக்கிறதக் கேளு!" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வாயைக் கட்டினான். நாக்கு அரித்தாலும், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவான். "உடம்பு சரியில்லையா?" என்று அபெர் முதலில் சந்தேகப்பட்டாள். அடுத்த மாதம் மாத்திரையோடு இருமல் மருந்தும் அவனிடமே வாங்கினாள்.

அகப்பட்டுக்கொண்டவள் அவன் மனைவி லாமாரோதான். பகலெல்லாம் அடக்கி வைத்த பேச்சு, கேழ்வரகுக் களியும் எள் அரைத்து விட்ட கீரையும் எதிரே வந்ததும் பீறிட்டுக் கிளம்பும்.

"ஈரலுக்குள்ள போன கிருமி இருக்கே..."

"எனக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரையக் குடு, முழுங்கிக்கிறேன்" என்றாள் லாமாரோ. "இப்ப சாப்பிடு."